கூடப் படிப்பவரிடம்தான் முதலில் கேட்கிறோம்

(மதுரையில் கல்லூரிச் செஞ்சுருள் சங்க மாணவர்களுக்கான பயிற்சியின் தொடக்க நாளில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பாலியல் நலக் கல்வி. அதிலும் குறிப்பாக, ஒரு மாணவர் இன்னொரு மாணவருக்குத் தருகிற பாலியல் நலக் கல்வி. தலைப்பைச் சொன்னவுடனே பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்கிறது. சிரியுங்கள், தப்பில்லை. கூச்சம் சிரிப்பாக வெளியேறிவிட்டால் பேச்சு உள்ளே போக இடம் கிடைக்கும்.

உங்களிடம் நேராகவே ஒன்று கேட்கிறேன். உங்கள் உடம்பைப் பற்றி முதல் சந்தேகம் வந்தபோது யாரிடம் கேட்டீர்கள்? அப்பாவிடம் கேட்டீர்களா? அம்மாவிடம் கேட்டீர்களா? உயிரியல் ஆசிரியரிடம் கேட்டீர்களா? அவர்தான் அந்தப் பாடம் வந்ததும் ‘இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாரே! பையன்கள் கேட்டது மாப்ளையிடம். விடுதி மொட்டைமாடியில், விளக்கை அணைத்த பிறகு, ‘எனக்கு இல்லடா, என் ஃபிரண்டுக்கு ஒரு டவுட்டு’ என்று தொடங்கிக் கேட்டீர்கள். பெண்கள் கேட்டது பக்கத்துக் கட்டில் அக்காவிடம், அதுவும் பாதி வாக்கியத்தில். மீதி வாக்கியத்தை அந்த அக்காவே ஊகித்துக்கொண்டார்.

ஆகவே, மாணவருக்கு மாணவர் சொல்லிக்கொடுப்பதை நாம் இன்று புதிதாகத் தொடங்கவில்லை. நாம் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும், இந்த ஊரின் ஒவ்வொரு விடுதியிலும் ஒவ்வொரு இரவும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. பதில் சொல்கிற மாப்ளைக்கு விஷயம் தெரியுமா? பதில் சொல்கிற அக்காவுக்கு எங்கே அனுப்பவேண்டும் என்று தெரியுமா? இன்றைய பயிற்சி அந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான்.

இந்த ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே சங்க இலக்கியம் வந்துவிடும். அகத்திணையைச் சொல்வோம், வள்ளுவர் இன்பத்துக்கு 25 அதிகாரம் ஒதுக்கினார் என்போம், கோயில் தூண்களைக் காட்டுவோம். பெருமையாகக் கைதட்டிவிட்டுக் கலைந்து போவோம். அரங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு, தனக்கு வெள்ளைப்படுவது நோயா இயல்பா என்பது அப்போதும் தெரிந்திருக்காது. அதனால் இலக்கியத்தை இன்று ஒதுக்கிவைக்கிறேன். அந்தப் பெண்ணின் சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எலும்பு உருகித்தான் வெள்ளையாகப் போகிறது என்று நம் கிராமங்களில் இன்றும் சொல்கிறார்கள். அதை நம்பி, உள்ளுக்குள் உருகிக்கொண்டிருக்கிறோம் என்ற பயத்தோடு கல்லூரிக்கு வந்துபோகும் பெண்கள் இருக்கிறார்கள். எலும்பு எதுவும் உருகவில்லை அம்மா. மாதவிலக்குச் சுழற்சியின் நாட்களுக்கேற்ப நிறமற்றோ வெண்மையாகவோ கசிவு வருவது உடம்பு தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வழி. அரிப்பு இருந்தால், தயிர்த் திப்பி போல வந்தால், கெட்ட வாடை வந்தால், நிறம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால், அடிவயிறு வலித்தால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் சில நாள் மருந்தில் சரியாகிவிடும். இவ்வளவுதான் செய்தி. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைக்காமல்தான் ஆண்டுக்கணக்கில் பயந்து கிடக்கிறார்கள்.

பையன்களின் கதை இதைவிட மோசம். பெண்ணின் பயத்தை இந்த அளவுக்கு யாரும் வியாபாரமாக்கவில்லை. பையனின் பயத்துக்குக் கடையே திறந்திருக்கிறார்கள். பஸ் நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டிய நோட்டீசைப் பார்த்திருப்பீர்கள். நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம், ஆண்மைக் குறைவு, இளமையில் செய்த தவறு. இந்தத் தேதி மதுரை, அடுத்த தேதி திண்டுக்கல், அதற்கடுத்து விருதுநகர் என்று லாட்ஜ் லாட்ஜாக முகாம். நள்ளிரவில் தொலைக்காட்சியிலும் அதே குரல். இப்போது உங்கள் கைபேசிக்கே அந்தக் குரல் வந்துவிட்டது.

ஒரு சொட்டு விந்து நூறு சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்று அவர்கள் சொல்வது பொய். பருவம் வந்த நாளிலிருந்து உடம்பு அதை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. தூக்கத்தில் வெளியேறுவதும் இயல்பு. சுய இன்பத்தால் நரம்பும் தளராது, முதுகெலும்பும் தேயாது, கல்யாண வாழ்க்கையும் கெடாது. ஆனால் பயம் உண்மையானது. உடம்பு மெலிகிறது, களைப்பாக இருக்கிறது, படிப்பு ஏறவில்லை என்று விந்திழப்பைக் காரணம் காட்டி வரும் இளைஞர்களை இந்திய மனநல மருத்துவம் நெடுங்காலமாகவே பார்த்துவருகிறது. மனநல மருத்துவர் என். என். விக் 1960-இல் இதற்குத் ‘தாத்’ நோய்க்குறி என்று பெயரிட்டார். மருந்து அந்தப் பயத்துக்குத்தான் தேவை. லேகியத்துக்கு அங்கே வேலையில்லை. பாலியல் குறைகளைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. எழுபது ஆண்டுகள் தாண்டியும் அந்த நோட்டீஸ் சுவரில் இருக்கிறது என்றால், சட்டத்துக்கு எட்டாத ஏதோ ஒன்று அதற்குத் துணை நிற்கிறது. நம் மௌனம்தான் அந்தத் துணை.

அந்த மௌனத்தை உடைத்து, டாக்டர் மாத்ருபூதம் தொலைக்காட்சியில் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் வந்து பாலியல் சந்தேகங்களுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொன்னபோது தமிழ்நாடே கேட்டது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்டது! அவரைப் போல ஒரு மருத்துவர் ஒவ்வொரு விடுதிக்கும் கிடைக்கமாட்டார். ஒரு மாணவர் கிடைப்பார்.

ஒரு மாணவரால் என்ன செய்யமுடியும் என்று கேட்கிறீர்களா? இந்தியாவின் எச்.ஐ.வி. வரலாறே நம் மாநிலத்தில் ஒரு மாணவியின் கையால் தொடங்கியது. அந்தக் கதையை நிதானமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

1985-இன் கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார் செல்லப்பன் நிர்மலா. ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டும். அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் ஒரு யோசனை சொன்னார்: எய்ட்ஸ் நம் ஊரில் இருக்கிறதா என்று பார். அன்றைக்கு நாட்டில் எல்லோரும் என்ன நினைத்தார்கள்? அது மேல்நாட்டு நோய், நம் பண்பாட்டுக்குள் நுழையாது என்று நினைத்தார்கள். நிர்மலாவும் கட்டுப்பெட்டியான குடும்பத்துப் பெண்தான். முதலில் தயங்கினார். துணிந்து செய் என்று சொன்னவர் அவருடைய கணவர்.

பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களின் ரத்தத்தைச் சோதிக்கவேண்டும். அவர்களை எங்கே தேடுவது? அரசு மருத்துவமனைக்குப் பால்வினை நோய் சிகிச்சைக்கு வரும் பெண்கள் சிலரோடு நிர்மலா பழகினார். அந்தப் பெண்கள்தான் மற்றவர்களிடம் போக வழி காட்டினார்கள். தடம் பிடித்துப் போனால், பிடிபட்ட பெண்களை அடைத்துவைக்கும் மயிலாப்பூர் அரசு இல்லம். கையுறை இல்லை, பாதுகாப்புக் கருவி இல்லை. மூன்று மாதத்தில் எண்பது பேரளவில் ரத்த மாதிரி சேர்த்தார். வைக்க இடமில்லாமல் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். சென்னையில் சோதனை வசதி கிடையாது. 1986 பிப்ரவரியில் மாதிரிகளைச் சுமந்துகொண்டு ரயிலேறி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. எச்.ஐ.வி. இந்தியாவுக்கு வந்துவிட்டது என்பது அன்றைக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார்.

இந்தக் கதையில் இரண்டு இடங்களில் உங்களை நிறுத்த விரும்புகிறேன். முதல் இடம், நிர்மலாவுக்கு வழி காட்டியவர்கள் யார்? அதே வாழ்க்கையில் இருந்த பெண்கள். அவர்கள் இல்லாவிட்டால் கதவு திறந்திருக்காது. இரண்டாவது இடம் கொஞ்சம் வலிக்கும். எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. அன்றைய வழக்கம் அது. இன்று அப்படிச் செய்யமுடியாது. 2017-இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், விவரம் சொல்லி ஒப்புதல் பெறாமல் சோதிக்கக்கூடாது என்கிறது, ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்கிறது. பிற்பகலில் பயிற்சியில் ‘ரகசியம்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். அந்த ஆறு பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களை நினைத்துக்கொண்டு அந்தப் பாடத்தைப் படியுங்கள்.

அதற்குப் பிறகு நம் மாநிலம் வேகமாகவே ஓடியது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. நாட்டிலேயே முதல் மாநிலச் சங்கம் அதுதான். 2003-இல் ‘புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா’ என்று ஒரு விழிப்புணர்வு விளம்பரம் சுவரெங்கும் கேட்டது. டீக்கடையில் பேச்சு, பஸ்ஸில் பேச்சு. திட்டியவர்களும் பேசினார்கள், சிரித்தவர்களும் பேசினார்கள். கல்லூரிகளில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கங்கள் வந்தன. உங்கள் சங்கம் அந்த வரிசையில் வந்ததுதான்.

ஆனால் மனம்விட்டுச் சொல்லுங்கள், நம் செஞ்சுருள் சங்கங்கள் ஆண்டு முழுவதும் என்ன செய்கின்றன? டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் நாள் வந்தால் ஊர்வலம். தமுக்கம் பக்கம் மனிதச் சங்கிலி. கோலப் போட்டி, வினாடி வினா, ரத்த தானம். ரத்த தானத்தை நான் குறைசொல்லமாட்டேன். அது உயிர் காக்கும் வேலை. கோலமும் போடுங்கள். ஆனால் சிவப்பு நாடாவைக் கோலமாகப் போட்ட பெண்ணுக்கு ஆணுறை எதற்கு, எச்.ஐ.வி. சோதனை எங்கே என்று சொல்லத் தெரியவில்லை என்றால், அந்தக் கோலம் யாருக்காக? அறிக்கையில் ஒட்டும் புகைப்படத்துக்காகவா?

உங்களுக்கு முன்னால் இந்த வேலையை உண்மையாகச் செய்துகாட்டியவர்கள் யார் தெரியுமா? 1992-இல் கொல்கத்தா சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜனா பாலியல் தொழிலாளிப் பெண்களையே பயிற்றுநர்களாக ஆக்கினார். டாக்டர் சொன்னபோது கேட்காத காது, பக்கத்து அறைப் பெண் சொன்னபோது கேட்டது. ஆணுறைப் பழக்கம் உயர்ந்தது. அந்தப் பெண்களே 1995-இல் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். இங்கே தமிழ்நாட்டிலும் லாரி ஓட்டுநர்களிடம் அவர்களில் ஒருவரும், திருநங்கையரிடம் திருநங்கையர் ஒருவரும் போய்ப் பேசித்தான் தொற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சமூகம் முகம் சுளித்து ஒதுக்கிய மனிதர்கள் வகுத்துத் தந்த வழி இது. பட்டம் படிக்கும் நாம் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்கிறோம் என்பதை இந்த மேடையிலேயே நன்றியோடு சொல்லிவிடுகிறேன்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமம். டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகளான டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் உருவாக்கிய இடம். குடும்பநலம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே வெட்கப்பட்ட காலத்தில், ஆத்தூர் வட்டாரக் கிராமங்களில் ஊர்க்காரர்களையே முன்னிறுத்தி அதைப் பேசவைத்தது அந்த நிறுவனம். நம் வைகைக் கரைச் சமவெளிக்கு இந்தப் பேச்சு அந்நியமானது என்று யாராவது சொன்னால், காந்திகிராமத்தை அவர்களுக்குக் காட்டுங்கள்.

இவ்வளவு சொன்ன நான் இதையும் சொல்லவேண்டும். சக மாணவர் வந்து பேசினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்பி ஏமாறாதீர்கள். இங்கிலாந்தில் 27 பள்ளிகளில், 8000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் 16, 17 வயது மாணவர்கள் 13, 14 வயதினருக்குப் பாடம் எடுத்தார்கள். மீதிப் பள்ளிகளில் ஆசிரியர்களே எடுத்தார்கள். 2004-இல் முடிவு வந்தது. தங்களைப் போன்றவர்கள் எடுத்த வகுப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் விரும்பினார்கள். ஆனால் பின்னாளில் அவர்களில் பெண்களிடம் கருக்கலைப்பின் அளவைப் பார்த்தபோது, இரு பக்கத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது என்ன? மூன்று வகுப்பு எடுத்துவிட்டுப் போவதால் வாழ்க்கை மாறாது. வகுப்பு எடுப்பது சக மாணவரின் உண்மையான பலமே அல்ல என்பது என் கருத்து. மேடை ஏறியவுடன் நீங்களும் ஒரு குட்டி ஆசிரியர் ஆகிவிடுகிறீர்கள். உங்கள் பலம் மேடைக்குக் கீழே இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் நீங்கள் இருப்பீர்கள். மருத்துவமனை வாசலில் தயங்கி நிற்கும்போது நீங்கள் கூட நிற்பீர்கள். எந்தப் பேராசிரியராலும் எந்த மருத்துவராலும் இதைச் செய்யமுடியாது.

அப்படி நிற்பதற்கு என்ன தெரிந்திருக்கவேண்டும்? முதலில் கதவுகள் எங்கே என்று தெரியவேண்டும். எச்.ஐ.வி. சோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனையில் இருப்பது நம்பிக்கை மையம். பால்வினை நோய்க்கு இருப்பது சுகவாழ்வு மையம். பனகல் சாலையில் ராஜாஜி அரசு மருத்துவமனையில் போய்க் கேளுங்கள்; கட்டணம் கிடையாது. போகத் துணிவில்லாதவர்களுக்கு 1097 என்ற இலவச எண் இருக்கிறது. பெயர் சொல்லாமலே பேசலாம்.

அடுத்தது நேரம். 72 மணி நேரம் என்ற கணக்கை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற அச்சம் தரும் ஒன்று நடந்துவிட்டதா? வன்முறையாக இருக்கலாம், ஆணுறை கிழிந்திருக்கலாம். தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிடவேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் 72 மணி நேரக் கணக்குதான். அதுவும் முந்தினால் பலன் கூடும். ஏற்கெனவே தரித்த கருவை அது கலைக்காது, நோயையும் தடுக்காது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று விதி இருந்தும் தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. கடைக்காரர் முறைக்கிற முறைப்பில் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தோழி சொன்னால், அந்தத் திங்கட்கிழமைக்குள் கதவு மூடிவிடும் என்று சொல்ல நீங்கள் இருக்கவேண்டும்.

சோதனையில் தொற்று இருப்பது தெரிந்தால்? வாழ்க்கை முடிந்தது என்று நினைத்த காலம் போய்விட்டது. நாட்டில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசம். தினமும் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிலைத்துவிட்டால், உடலுறவு வழியாக அது இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. இதை உரக்கச் சொல்லுங்கள். பயமுறுத்தும் மண்டையோட்டுப் படங்களை நாம் வரைந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் படங்களைப் பார்த்துப் பயந்தவர்கள் சோதனைக்கே வராமல் ஓடினார்கள்.

இனி ரகசியம். இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி உங்களுக்கு நினைவிருக்கும். 2019 பிப்ரவரியில் 19 வயது கல்லூரி மாணவி ஒருவர் வீட்டாரிடம் வாய் திறந்தார். பழகி, வரவழைத்து, படமெடுத்து, அந்தப் படத்தைக் காட்டியே மிரட்டிய கூட்டம் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் கூட்டத்தின் ஆயுதம் கைபேசி என்று பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவள் யாரிடமும் சொல்லமாட்டாள் என்ற நம்பிக்கைதான் அவர்களுடைய ஆயுதம். அவர் சொன்ன அன்றே அந்த ஆயுதம் முனை மழுங்கியது. ஆனால் அடுத்து என்ன நடந்தது? காக்கவேண்டியவர்களே அந்தப் பெண்ணின் பெயரை வெளியே சொல்லிவிட்டார்கள். இங்கே உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை தலையிட்டு அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2025 மே 13-ஆம் தேதி குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை வந்தது. பெயரைக் காப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

நம் பக்கத்தில் ரகசியம் உடைந்தால் மானத்தோடு நிற்பதில்லை, உயிர்வரை போகும். கூடப் படித்த வேறு சாதிப் பெண்ணோடு பேசினார் என்பதற்காக 2015-இல் கோகுல்ராஜ் என்ற இளைஞர் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 2022-இல் தீர்ப்பு வந்தது இதே மதுரை நீதிமன்றத்தில்தான். ஆகவே யார் யாரோடு பழகுகிறார் என்று தோழி உங்களிடம் சொன்னால், அது உங்கள் நாவைத் தாண்டக்கூடாது. வாட்ஸப் குழுவில் ஒரு சிரிப்புப் பொம்மைகூட வேண்டாம்.

ஆனால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எல்லோருக்கும் சத்தியம் செய்துகொடுக்கவும் கூடாது. ஏன்? முதலாண்டு மாணவிக்கு 17 வயது இருக்கலாம். 18 நிரம்பாதவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் அதைத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கடமை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ‘நீ சொல்வதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன், ஆனால் உனக்கு 18 ஆகவில்லை என்றாலோ, உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போவோம்.’ இப்படிச் சொன்னால் அவள் பயந்து பேசாமல் போய்விடுவாளோ என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. இந்தச் சிக்கலைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் கருக்கலைப்பில் சம உரிமை உண்டு என்று சொன்ன அதே தீர்ப்பில், சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் போக்சோ தகவலில் அவள் அடையாளத்தை வெளியிடத் தேவையில்லை என்றும் சொன்னது. சமாளிக்க முடியாத இடம் வந்தால் தனியாகச் சுமக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு பேராசிரியர், ஓர் ஆலோசகர், ஒரு மருத்துவர் நிற்கவேண்டும். அந்த மூவரும் இல்லாத கல்லூரியில் சக பயிற்றுநர் பதவியை ஏற்காதீர்கள் என்றே நான் சொல்வேன்.

மாணவர்கள் கேள்வி எழுதிப் போட நீங்கள் வைக்கும் பெட்டியில் விழும் சில சீட்டுகள் உடம்பு நோயைப் பற்றி இருக்காது. நான் ஆணா, பெண்ணா, எனக்கு ஏன் இப்படித் தோன்றுகிறது என்று இருக்கும். அவற்றைத் தனியே எடுத்துவைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடாதீர்கள். அமெரிக்கன் கல்லூரி மாணவராக இருந்த கோபி ஷங்கர், 2011-இல் இந்த ஊரில் ‘சிருஷ்டி மதுரை’ என்ற மாணவர் தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். 2012-இல் மதுரைத் தெருவில் வானவில் பேரணி நடந்தது. பாலினம் பற்றி ‘மறைக்கப்பட்ட பக்கங்கள்’ என்று தமிழிலேயே புத்தகம் வந்தது. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார்; இடைப்பால் குழந்தைகளுக்குத் தேவையில்லாத பாலின அறுவை செய்வதைத் தடுக்கவும் சொன்னார். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு ஆணையிட்டு அத்தகைய அறுவையைத் தடுத்தது. மாணவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கிய ஒன்று, சில ஆண்டுகளில் அரசாணை வரைக்கும் போய்ச் சேர்ந்த ஊர் இது.

இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பார்கள். 2007-இல் பள்ளி வளரிளம் பருவக் கல்விக்குப் பல மாநிலங்கள் கதவைச் சாத்தின. 2009-இல் மாநிலங்களவைக் குழுவொன்றும் அது வேண்டாம் என்றது. கெட்டுப்போவார்கள் என்பதற்கு உலகில் ஆதாரம் கிடைத்ததா? இல்லை. முறையான கல்வி, உடலுறவுத் தொடக்கத்தை முந்தச் செய்வதில்லை என்பதைத்தான் யுனெஸ்கோ திரட்டிய ஆய்வுகள் காட்டுகின்றன. 2024 செப்டம்பரில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றமே பாலியல் கல்வி தேவை, அதைப் பற்றிய தவறான எண்ணங்கள் நீங்கவேண்டும் என்று எழுதியது. மூடிவைத்த வீட்டுப் பிள்ளையின் கையிலும் கைபேசி இருக்கிறது. அதில் அவன் பார்க்கும் படங்கள் ஒரு பெண்ணிடம் சம்மதம் கேட்கக் கற்றுத்தருவதில்லை. அதைக் கற்றுத்தர நாம் யாரை அனுப்பப்போகிறோம்?

முதல்வர் பெருமக்களிடமும் காப்பாளர்களிடமும் சில கோரிக்கைகள். சங்கத்துக்கு ஓர் அறை கொடுங்கள். அலுவலகத்துக்கு எதிர் அறை வேண்டாம், நுழைபவர் முகம் தெரியாத ஓர் ஓரத்து அறை போதும். பையன்களையும் பெண்களையும் சேர்த்தும் உட்காரவையுங்கள், தனித்தனியாகவும் உட்காரவையுங்கள், இரண்டும் வேண்டும். கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத் தமிழில் எழுதி, பெண்கள் ஓய்வறைக்குள்ளேயே ஒட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று கேட்கிறேன். ஒரு மாணவி தோழியை மருத்துவமனைக்கு அழைத்துப்போக அரைநாள் விடுப்பு கேட்டால், காரணம் கேட்காமல் கொடுங்கள். எதற்கு, யாருக்கு, என்ன நோய் என்று கேட்டு, அப்பாவுக்கு ஃபோன் போட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றால், நாங்கள் இங்கே தருகிற பயிற்சி அந்த மேசையிலேயே வீணாகிவிடும். அந்தக் கையெழுத்தை இந்த மேடையில் வைத்தே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்களே, சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் முதல் பயிற்சி இந்த அரங்கில் இல்லை. இருவர் இருவராகப் பிரிந்து ராஜாஜி மருத்துவமனைக்குப் போகிறீர்கள். நம்பிக்கை மையம் எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் இருக்கிறது, எத்தனை மணிவரை திறந்திருக்கும், சீட்டு எங்கே போடவேண்டும் என்று பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். வழி கேட்டபோது உங்களை யார் எப்படிப் பார்த்தார்கள், அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். நான்கு மணிக்குத் திரும்பி வந்ததும் அதிலிருந்துதான் பேசத் தொடங்குவோம்.